கத்திக்குப் புதுப் பிடி

இல்லத்தில் நாள்தோறும் கையில் படும் கருவிகளுள் கத்தியும் ஒன்று. அதன் அலகைப் பற்றிப் பேசுவோர் பலர். பிடியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அலகு மழுங்கினால் சாணை பிடிக்கின்றோம். பிடி ஆடினாலோ, ஒரு கந்தைத் துணியைச் சுற்றி நாளைக் கடத்துகின்றோம். துணியும் நைந்துவிட்டால் கத்தியையே எறிந்துவிடுகின்றோம். எறிய வேண்டுவதில்லை. இரண்டு விடுமுறை நாள்களும் சிறிது பொறுமையும் இருந்தால் பிடியை நாமே மாற்றிக்கொள்ளலாம். அம்முறையை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பிடியின் பொருட்டு நாம் இவ்வளவு பாடுபட்டது ஏன் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

நாம் கரக்பூருக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தர் ஆனோம். நம் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். 2021-ஆம் ஆண்டில் அன்னையார் மறைந்தபின், அவரைத் தனியே விட மனம் ஒப்பாமல் இங்கே அழைத்து வந்தோம். கோரமண்டல் விரைவு வண்டியிலிருந்து இறங்கியபோது அவரிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணிப்பையுமே. பெட்டிக்குள், வேட்டிகளுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிய கத்தி ஒன்று இருந்தது. கடையில் பூசணிக்காய் கீறுவதற்காக ஊர்க் கொல்லர் பழைய லாரிப் பட்டையை அடித்துச் செய்து கொடுத்தது அது. அலகின் தொடர்ச்சியான இரும்பு பிடியின் கடைசி வரை செல்லும். அதன் இருபுறமும் பூவரசங்கட்டை வைத்து மூன்று ஆணிகள் அறைந்திருந்தார்கள்.

வந்த ஊரில் தந்தையாருக்கு மொழி இல்லை. வங்காளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆயினும் அவர் தமக்கு ஒரு வேலையைத் தாமே தேடிக்கொண்டார். காலைதோறும் சமையலறை வாயிலில் மணைப் பலகையைப் போட்டு அமர்ந்து, அன்றைய காய் முழுவதையும் நறுக்கித் தந்துவிடுவார். வங்காளிகளும் நம்மைப் போலவே வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் விரும்பி உண்பவர்கள். நம் அரிவாள்மனையைப் போன்று, பலகையில் நிறுத்திய அலகில்தான் அவர்கள் வீட்டுப் பெண்மக்கள் காய் அரிவார்கள். கையில் பிடித்த கத்தியைக் கொண்டே தந்தையார் தண்டை வட்டம் வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுக்கும் நேர்த்தியைக் கண்ட அடுத்த குடியிருப்பு வங்க அம்மையார், தம் வீட்டுத் தண்டையும் கொடுத்தனுப்பத் தொடங்கினார். சொல் ஒன்றும் இல்லாமலே இரு வீட்டுக்கும் நட்பு உண்டாயிற்று.

சென்ற மழைக்காலத்தில் கத்தியின் பிடி பிளந்தது. ஒரு பக்கத்துக் கட்டை விலகி ஆடியது. அதே சமயத்தில் தந்தையாரின் வலக்கை விரல்களும் முன்போல் மடங்க மறுத்தன. ஒருநாள் கத்தி கையில் திரும்பி, இடக்கைப் பெருவிரலைக் கீறிவிட்டது. நம் இல்லாள் அஞ்சிப் போனார். "மாமா, இனிமேல் இதைத் தொட வேண்டாம். காய் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, கோல் பஜாரிலிருந்து பிளாஸ்டிக் பிடியிட்ட சிறு கத்தி ஒன்றை வாங்கி வந்தார். அன்பினால் சொன்ன சொல்தான். தந்தையாரும், "சரிம்மா" என்றார். ஆனால் மறுநாள் அவர் மணைப் பலகையை எடுக்கவில்லை. சாளரத்தருகே நாற்காலியில் அமர்ந்து, தூரத்தில் செல்லும் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. உணவும் குறைந்தது. அடுத்த வீட்டுத் தண்டும் வருவது நின்றது. பத்து நாள் பார்த்தபின், இக்கத்தியைச் சீர்ப்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

இரயில்வே பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளப் பெரியவர் ஒருவர் நம் தெருவிலேயே இருக்கிறார். அவரிடம் கத்தியைக் காட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாபு, யார் கைக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். தந்தையாரின் விரல்களைப் பற்றிச் சொன்னோம். "அப்படியானால் பழைய அளவைப் பார்த்துச் செய்யாதே, அவர் கையைப் பார்த்துச் செய்" என்றார். பின்வரும் முறை பெரும்பாலும் அவர் காட்டியதே.

முதற்கண் அலகைத் தடித்த துணியால் சுற்றி, நாடாவால் இறுகக் கட்டிவிட வேண்டும். வேலை முடியும்வரை அக்கட்டை அவிழ்க்கலாகாது. பின்பு ஆணியின் தலைகளை அரத்தால் ராவி எடுத்து, முனை மழுங்கிய கம்பி ஒன்றை ஆணிமேல் வைத்துத் தட்டினால் ஆணி கழன்றுவிடும். பழைய பிடியை நெருப்பிலிட்டுக் கருக்கி எடுப்பாரும் உண்டு. அது தகாது. எஃகின் கடினம் அளவாகச் சூடேற்றித் தோய்த்ததனால் வந்தது. மீண்டும் மிகுதியாகச் சூடேறினால், துலக்கிய எஃகு முதலில் மஞ்சள் பூத்து, அப்பால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த அலகு கூர்மையைத் தாங்காது.

பிடியைக் கழற்றியவுடன் அது பிளந்த காரணம் விளங்கிற்று. மரம் நீரை உண்டு பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். இரும்பு அவ்வாறு செய்வதில்லை. ஆகவே நாளடைவில் இரண்டிற்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி உண்டாகிறது. அதன்வழி நீர் இறங்கித் துரு ஏறுகிறது. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதாகையால், கட்டையை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கிறது. அத்துருவை உப்புத்தாளால் முழுதும் தேய்த்து எடுத்தோம்.

மரம் கடினமானதாகவும், நன்கு உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஈரமரம் பின்னர்ச் சுருங்கிக் கெடுத்துவிடும். உடைந்த கட்டில் கால் ஒன்று நம்மிடம் இருந்தது. வடநாட்டில் சீஷம் என்று வழங்கும் மரம், நம் ஈட்டி மரத்தின் இனம். இழை நீளவாட்டில் ஓடுமாறு இரண்டு துண்டுகள் அறுத்துக்கொண்டோம். இம்மரத்தின் தூள் சிலருக்குத் தும்மலும் அரிப்பும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நலம். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, துண்டுகளின் உட்புறத்தை அதில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். இரும்போடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இடையே ஒளி தெரியலாகாது.

அடுத்து, ஒரு துண்டை இரும்போடு கிளாம்பில் இறுக்கி, இரும்பிலுள்ள பழைய துளைகளின் வழியே கட்டையில் துளையிட வேண்டும். பிறகு அதன் வழியே மற்றத் துண்டிலும் துளையிட்டால் மூன்றும் நேராக அமையும். அலகை ஒட்டிய முன்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே வழுவழுப்பாக்கிவிட வேண்டும். ஒட்டியபின் அவ்விடத்தில் அரம் போட்டால் அலகில் கீறல் விழும்.

பிடியின் வடிவத்தைத் தீர்மானிப்பதற்கு நம் இல்லாளே வழி கண்டார். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு பிடி எடுத்து உருட்டி, தந்தையாரிடம் கொடுத்து, "மாமா, இதைக் கத்தி என்று நினைத்துப் பிடியுங்கள்" என்றார். தந்தையார் ஒன்றும் கேளாமல் பிடித்தார். மாவில் பதிந்த தடம் எல்லாவற்றையும் சொல்லிற்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் பதிந்திருந்தன. பிடி மெலிந்திருந்தால் அவ்விரல்கள் அதை எட்டிப் பற்ற மாட்டா. பருத்திருந்தால் மடங்கும் அளவிலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே உள்ளங்கை படும் இடத்தில் பழைய பிடியைவிடப் பருமன் விட்டோம். கை வழுக்கி அலகின்மேல் செல்லாதிருக்க, முன்பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிறு புடைப்பும் வைத்தோம்.

ஒட்டுவதற்கு அரால்டைட் போன்று இரண்டு குழாய்களில் வரும் பசையே ஏற்றது. இரும்பை உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் பசையிட வேண்டும். பசை முழுதும் பிதுங்கி வெளியேறும்படி இறுக்கலாகாது. அப்பொழுதே 4 மில்லிமீட்டர்ப் பித்தளைக் கம்பியைத் துளைகளில் செருகி, ஒரு முழுநாள் அசையாமல் வைத்திருந்தோம். பின்பு கம்பியின் இரு முனைகளையும் சிறு சுத்தியலால் மெதுவாகப் பலமுறை தட்டித் தலை விரியச் செய்தோம். ஓங்கி அடித்தால் கட்டை பிளக்கும். அதன்பின் அரத்தால் ராவி, பெரும்பரல் தாளிலிருந்து நுண்பரல் தாள் வரை படிப்படியாகத் தேய்த்தோம்.

கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் மரத்தில் உலர்ந்து இறுகுவதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். அதைப் பூசித் துடைத்துச் சில நாள் காயவிட வேண்டும். 'காய்ச்சியது' என்ற பெயரோடு சாயக்கடையில் விற்பதில் விரைந்து உலர்வதற்கான உலோக உப்புக்கள் கலந்திருக்கும். சமையற் கருவிக்கு அது வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். தானே வெம்மையேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்தியபின் எறிக.

ஒரு ஞாயிறன்று காலை கத்தியைத் தந்தையாரிடம் கொடுத்தோம். அவர் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "கனம் கூடியிருக்கிறது" என்றார். சிறிது நேரம் கழித்து, "பூசணிக்கு இது நல்லது" என்றார். பிறகு எழுந்து சென்று மணைப் பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நம் இல்லாளும் புதிய கத்தியோடு எதிரே அமர்ந்தார். அவ்வாரத்திலேயே அடுத்த வீட்டிலிருந்து வாழைத்தண்டு ஒன்று வந்து சேர்ந்தது.

விரல்கள் குணமாகிவிடவில்லை. சில நாள் காலையில் அவர் கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு நீ நறுக்கம்மா" என்று மருமகளிடம் நீட்டிவிடுகிறார். அதை இப்பொழுது அவரே சொல்கிறார், நாம் சொல்வதில்லை.

தொலைவிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் பெட்டியிலும் ஒரு கத்தியோ, பாக்குவெட்டியோ, மத்தோ இருக்கக்கூடும். அது பழுதானால் புதியது வாங்கிவிடுவதற்கு முன், சீர்ப்படுத்த இயலுமா என்று ஒருமுறை பாருங்கள். சீர்ப்படுத்திய கத்தியை நீரில் ஊறவிடாமல், கழுவியவுடன் துடைத்து வையுங்கள். பிடி செய்ய எண்ணும் அன்பர்கள் மரம் அறுப்பதற்கு முன், பெரியவர் கையில் சிறிது மாவைக் கொடுத்துப் பார்ப்பார்களாக.