ரேஸ்கோர்ஸ் வேலியோரம்

ஏப்ரல் 2

நேற்று பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்திய அணிவகுப்போடு நுவரெலியாவில் வசந்தகாலம் தொடங்கிவிட்டது. இனி மாதம் முடியும்வரை கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்துகொண்டே இருப்பார்கள். கிரகரி வாவியைச் சுற்றிக் கடைகள், படகு, பாட்டுக் கச்சேரி, விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, மகாகஸ்தோட்டையில் மலையேறும் கார்ப்பந்தயம் என்று ஊர் இரைச்சலாகிவிடும். எனக்கு அதில் ஒன்றுதான் முக்கியம். பதுளை வீதியோரத்துக் குதிரைப் பந்தயத் திடல்.

ராத்திரி கோத்தகிரியிலிருந்து அத்தை மகன் பேசினார். எங்கள் தோட்டத்து ஆட்களை இரண்டு நாட்டுக்குமாகப் பங்கிட்டு 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 'இந்தியாவுக்கு' என்று எழுதப்பட்ட குடும்பம் அது. அத்தையை ஏற்றிக்கொண்டு போன ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மச்சான் பிறந்ததே நீலகிரியில். முதல்முறையாக இங்கே வருகிறார்.

"ரேஸ் என்னைக்கு மாப்ளே? அன்னைக்குக் காலையில வந்து எறங்குற மாதிரி டிக்கெட் போட்டுக்கிறேன்."

"வேணாம் மச்சான், ரெண்டு மூணு நாளைக்கு முன்னுக்கே வந்துருங்க. குதிரைய ஓட்டத்தன்னிக்குப் பாத்தா பத்தாது. அதுக்கு முந்தின காலையிலதான் பாக்கணும்."

ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அவர் வரும்வரை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 5

விடியுமுன் பஸ் ஏறினேன். ஹட்டன் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழி. ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்கி மீதித் தூரத்துக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். நுவரெலியா பஸ் நிலையத்திலிருந்து திடலுக்கு நடந்தே போகலாம், வெயிலேறாத நேரத்தில் அந்த நடையே சுகம். வெலிமடை, சீதாஎலிய பக்கத்து பஸ்கள் திடலின் வேலியை உரசிக்கொண்டுதான் போகும். நடத்துநரிடம் "ரேஸ்கோர்ஸ்" என்றால் போதும்.

வேலியோரம் நின்றால் பெரும்பாலும் முதலில் குதிரை கண்ணுக்குத் தெரியாது. மூடுபனிக்குள் மூச்சுச் சத்தம் வரும். பிறகு குளம்படி. பிறகுதான் உருவம்.

அந்த மூச்சை மச்சான் கவனிக்க வேண்டும். குதிரைக்கு வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று உடம்பே கணக்கு வைத்துக்கொள்கிறது. முன்கால்கள் தரையில் ஊன்றும்போது மூச்சு வெளியே போகும், எழும்பும்போது உள்ளே வரும். இதயம் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் துடிக்கும். மண்ணீரலில் சேமித்து வைத்த சிவப்பணுக்களை ஓடத் தொடங்கியதும் இரத்தத்தில் இறக்கிக்கொள்ளும். இத்தனையும் அதற்கு இங்கே தேவைப்படுகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழ்நாட்டில் அனாயாசமாக ஓடிய குதிரை இங்கே வந்த புதிதில் பாதித் தூரத்திலேயே திணறும். உடம்பு பழக வாரக்கணக்கில் ஆகும். எது பழகிவிட்டது, எது இன்னும் பழகவில்லை என்பது ஓட்டநாளில் கூட்டத்துக்கு நடுவே தெரியாது. காலைப் பயிற்சியில் ஒரு சுற்று முடித்து நிற்கும்போது விலா எவ்வளவு நேரம் ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் தெரியும்.

பயிற்சியைப் பார்க்கிற இந்த ஆசை அமெரிக்காவில் பேஸ்பால் பிரியர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அங்கே பெரிய போட்டிகள் தொடங்குமுன், பெப்ரவரி மார்ச் மாதங்களில், அணிகள் புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் பயிற்சிக்குப் போகின்றன. குளிரிலிருந்து வெயிலுக்குப் போகிறார்கள், இங்கே வெயிலிலிருந்து குளிருக்கு வருகிறார்கள். ரசிகர்களும் பின்னாலேயே போய் அங்குள்ள சின்ன மைதானங்களில் ஆட்டக்காரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிறார்களாம். வெற்றி தோல்வி ஏட்டில் ஏறாத அந்த நாட்களுக்காகவே ஆண்டு முழுக்கக் காசு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன்.

இன்றைக்கு ஒரு கறுப்புக் குதிரை வளைவில் வெளிப்பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து ஓடியது. அதை நடத்தி வந்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும், எங்கள் பிள்ளைதான். கழுத்தைத் தடவிக்கொண்டே தமிழில் ஏதோ பேசினான். குதிரை காதை அவன் பக்கம் திருப்பியது.

ஏப்ரல் 8

இன்றைக்குத் திடலுக்குப் போகவில்லை. மழைக்குப் பிறகு கொழுந்து அள்ளுகிறது. வீட்டில் எல்லோரும் மலையில். சாயங்காலம் அப்பாவிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

தாத்தா ஒரு துரையின் குதிரைக்காரர். துரைமார் மலை பார்க்கக் குதிரையில்தான் போவார்கள், குதிரைக்காரர் பின்னால் ஓட வேண்டும். துரை எங்கே இறங்கினாலும் கடிவாளத்தைப் பிடிக்க அவர் அங்கே நின்றாக வேண்டும். தீவனம், குளிப்பாட்டு, லாடம் பார்ப்பது, வயிற்றுவலி வந்தால் விடியவிடிய நடத்திக்கொண்டிருப்பது எல்லாம் அவர்தான். "குதிரை நல்லா இருந்தா தொரைக்குப் பேரு, காலு ஒடஞ்சா தாத்தாவுக்கு ஏச்சு" என்றார் அப்பா.

திடல் 1875-இல் தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆண்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. அப்போது இங்கே தேயிலை பெரிதாக இல்லை. 1869-இல் வந்த இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம். ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது 1874-இல், நானுஓயாவுக்கு வந்தது 1885-இல். ஆக, தொடக்கத்துப் பத்து ஆண்டுகள் பந்தயக் குதிரைகள் கடைசி மலைத்தொடர் முழுக்கக் காலால்தான் ஏறியிருக்க வேண்டும். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளும் ஏறியிருப்பார். இங்கே ஓடும் கவர்னர் கிண்ணப் பந்தயத்தின் கதையைச் சொல்கிறவர்கள் கவர்னர்களைச் சொல்வார்கள், துரைமாரைச் சொல்வார்கள், கிண்ணத்தின் வெள்ளியைக்கூடச் சொல்வார்கள். கயிற்றைப் பிடித்தவரை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது வருத்தம். நான் திடலுக்குப் போவதில் பாதி அந்த வருத்தத்தால்தான்.

1956-இல் பண்டாரநாயக்க அரசு வந்து பந்தயத்தை நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாகக்கூட இருந்த கொழும்புத் திடல் இன்றைக்குக் கடைத்தொகுதியும் ரக்பி அரங்குமாகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்துக் குதிரைகள் திரும்பி ஓடத் தொடங்கியது நுவரெலியாவில்தான்.

ஏப்ரல் 10

பிற்பகல் இடி, கொட்டு மழை. மச்சானுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏப்ரலில் காலை வானத்தை நம்பக்கூடாது. தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய இந்த மாதத்தில் காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குப் பிறகு இடி. குடை கொண்டுவந்தால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டுதான் நல்லது. புல்தரை நனைந்தால் ஓட்டமே மாறிவிடும். காலை உயரத் தூக்கி வைக்கிற கனத்த குதிரை ஈரத்தில் மேலே வரும். தாழப் பறக்கிற மாதிரி ஓடுகிறது வழுக்கும்.

ஏப்ரல் 12

மச்சான் வந்துவிட்டார். ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுவிட்டுப் பொழுது விடியுமுன்னே என்னோடு கிளம்பினார். வேலியோரம் நின்று நெடுநேரம் பேசவேயில்லை.

பிறகு ஊட்டியைப் பற்றிச் சொன்னார். அங்கே நகரத்தின் நடுவில் 1886-இலிருந்து ஒரு திடல். ஏப்ரலில் தொடங்கி ஜூன்வரை ரேஸ் நடந்துவந்தது. கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் போய்ச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். 2024 ஜூலையில் குத்தகைப் பாக்கி காரணமாக அரசு அந்த இடத்தை, ஏறத்தாழ 52 ஏக்கர், திரும்ப எடுத்துக்கொண்டது. பூங்கா வரும் என்றார்கள்.

"பூங்கா நல்லதுதானே மச்சான்?"

"நல்லதுதான் மாப்ளே. ஆனா அங்க வேல பாத்த பசங்க எங்க போனாங்கன்னு யாருமே கேக்கல."

குத்தகை கட்டாதவர்கள் பக்கம் நான் பேசமாட்டேன். அரசு நிலம் அரசுக்குத்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரி. ஒரு திடலை மூடும்போதும் திறக்கும்போதும் லாயத்தில் படுத்து எழும்புகிறவர்களின் கணக்கும் பார்க்கப்பட வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கோயில், பால் பொங்கல், உறவுகள் வீடு. அத்தை பிறந்த லயத்தை மச்சானுக்குக் காட்டினேன். கூரைத் தகரம் மாறியிருக்கிறது, வாசல்படி மாறவில்லை. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஓட்டநாள்

பந்தய நாளில் எங்கே நிற்பது என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. முதலில் ஓடுகளப் பக்கமே போகாதீர்கள். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக்காட்டும் வளையத்துக்குப் போங்கள். ஜாக்கியின் பட்டுச் சட்டையைப் பார்க்காமல் குதிரையின் பின்னங்கால் தசையைப் பாருங்கள். நடை தளர்வாக, பின்கால் முன்காலின் தடத்தைத் தாண்டி விழுந்தால் நல்லது. தொடைகளுக்கு நடுவே நுரை பொங்க வியர்த்தால் ஓட்டத்துக்கு முன்பே பாதிச் சக்தி போய்விட்டது. எவ்வளவு எடை சுமக்கிறது என்பதையும் பட்டியலில் பாருங்கள். வலிமையான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றித்தான் ஓட்டத்தைச் சமன் செய்கிறார்கள். பிறகு, முடிவுக்கோட்டுக்குப் போகாமல் கடைசி வளைவு நேராகிற இடத்துக்கு வாருங்கள். கோட்டில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியும், வளைவில் ஏன் ஜெயித்தார்கள் என்று தெரியும்.

பெரிய அரங்கில் தொப்பியும் கோட்டும் போட்டவர்கள். வேலியோரத்தில் எங்கள் ஆட்கள், மரக்கறித் தோட்டத்துச் சிங்களக் குடும்பங்கள், தோளில் பிள்ளைகளோடு அப்பன்மார். அவித்த சோளமும் கடலையும் இங்கேதான் சூடாகக் கிடைக்கும். குதிரைகளில் பல இந்தியாவில் பிறந்தவை. அறிவிப்பில் அதைக் கேட்டதும் மச்சான் நிமிர்ந்து நின்றார்.

சூதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து டவுன்களில் புக்கிக் கடைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் எங்கோ ஓடும் குதிரைமேல் இங்கே ஒரு நாள் பேர்க் காசு போய்விடுகிறது. கொங்காணியைப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுத்த காசு அது. அந்தக் கடைகளில் நிற்கிற தம்பிமாரிடம் நான் கெஞ்சிக்கேட்பது ஒன்றுதான். குதிரை பிடிக்குமென்றால் குதிரையை வந்து பாருங்கள். வேலியோரம் நிற்கக் காசு கேட்க மாட்டார்கள்.

இன்றைக்கு மழை வராமல் பிழைத்தது. வளைவில் வெளியே சாய்கிற அந்தக் கறுப்பு இன்றைக்கும் சாய்ந்தது. ஆனால் கடைசி நேர்கோட்டில் விடாமல் பிடித்து மூன்றாவதாக வந்தது. பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பையன் அதை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தான். மச்சான் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, "நல்லா வளத்துருக்கீங்க தம்பி" என்றார். அவன் சிரித்துக்கொண்டே "இன்னும் மூச்சு பழகணும்ணே" என்றான்.

மறுநாள்

காலையில் திடலில் ஒரே குப்பை. துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். வாவிக்கரையில் மட்டக்குதிரைகள் சவாரிக்கு நின்றன. சீசனில் காலை முதல் இருட்டும்வரை அவற்றுக்கு ஓய்வில்லை. சேணம் உராய்ந்த புண்ணோடு ஒன்று நின்றதைப் பார்த்து மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சவாரி ஓட்டுகிறவர்களும் ஏழைகள்தான், அவர்களுக்கு இந்த ஒரு மாதம்தான் வருமானம். ஆனாலும் புண்பட்ட குதிரைமேல் பிள்ளையை ஏற்றுகிற பெற்றோர் மறுத்துவிட்டால் ஒரே சீசனில் இது மாறும்.

மத்தியானம் உட்கார்ந்து மாநகர சபைக்குக் கடிதம் எழுதினேன். பதுளை வீதி வேலியோரம் பெண்களுக்கு மலசலகூடம் வேண்டும். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும். சவாரிக் குதிரைகளை வாரம் ஒருமுறை மிருக வைத்தியர் பார்க்க வேண்டும். திடலில் எந்தக் கட்டடம் எழும்புவதாக இருந்தாலும் காலைப் பயிற்சிக்கான ஓடுகளத்தையும் அதைப் பார்க்கிற வேலியோரத்தையும் தொடக்கூடாது. ஐந்தாவதாக மச்சான் ஒன்று சேர்க்கச் சொன்னார். பந்தயப் பட்டியலில் உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி பெயர்களுக்குக் கீழே குதிரையைப் பராமரிப்பவரின் பெயரையும் அச்சிடும்படி பந்தயம் நடத்துகிறவர்களுக்குச் சபை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்பா வாசித்துப் பார்த்துவிட்டு முதல் கையெழுத்தைத் தானே போட்டார். மச்சான் கோத்தகிரி முகவரியோடு போட்டார். வேலியோரம் நிற்கிற மற்றவர்களிடம் நாளைக் காலை வாங்க வேண்டும்.