தாத்தாவும் பாட்டியும் வந்துட்டாங்க!

எங்க தாத்தா லுத்தரன் சபை ஐயர். மலேயா தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்காக நம்ம பக்கத்து லுத்தரன் சபை 1907-லேயே அங்கே ஊழியம் தொடங்கியதாம். அந்த ஊழியத்துக்குத்தான் தாத்தாவும் பாட்டியும் மலேசியா போனார்கள். அப்போ எனக்கு நாலு வயசு. ஏழு வருஷம் கழித்து, போன மாசம் திருச்சியில் வந்து இறங்கினார்கள். போனில் கேட்ட குரல்தான், ஆனாலும் வெட்கமாக இருந்தது. அம்மா பின்னால் ஒளிஞ்சுக்கிட்டேன்.

"மேட்டூர்த் தண்ணி வந்துடுச்சா?" இதுதான் தாத்தாவின் முதல் கேள்வி! காபிகூடக் குடிக்காமல் வயலுக்குப் போய்விட்டார். அங்கே எங்கு பார்த்தாலும் செம்பனைதானாம், நாத்து வாசனையே கிடையாதாம்.

பாட்டி பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாங்க. அங்கிருந்த பெரியம்மா இறந்து இரண்டு வருஷம் ஆச்சு. போனில் சொல்லியிருந்தோம். இருந்தும் பாட்டி எழுந்திருக்கவே இல்லை. நான்தான் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

— ஆறாம் வகுப்பு, 'ஆ' பிரிவு