வழித்துணைக்கு என்ன விலை?

பயணத்திற்கு அரபியில் 'ஸஃபர்' என்று பெயர். திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. மனிதரின் உண்மைக் குணத்தைப் பயணம் வெளிக்கொணர்ந்து விடுவதால் அப்பெயர் வந்தது என்பர் முன்னோர்; இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் இஹ்யாவில் இவ்விளக்கத்தை எடுத்துரைக்கின்றார்கள். பயணம் செய்பவரின் குணம் மட்டுமன்று, பயணத்தில் தவித்து நிற்பவரிடம் பேரம் பேசுபவரின் குணமும் அங்கேதான் வெளிப்படுகின்றது என்பதை நாம் சேர்த்துக் கொள்ளலாம்.

வழியில் கைப்பொருளின்றித் தவிப்பவனைத் திருமறை 'இப்னுஸ் ஸபீல்', அதாவது 'வழியின் மகன்' என்று அழைத்து, ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் ஒருவனாக வைத்திருக்கின்றது. ஊரில் செல்வந்தனாயிருந்தாலும் வழியில் அவன் ஏழையே. இந்த நுட்பத்தை விளங்கிக் கொண்டால், இன்று மோட்டார் வாகனம் வைத்திருப்போர் 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' என்னும் வழியுதவிச் சேவைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது ஏன் என்பதும் விளங்கிவிடும். தமிழில் 'ஆறு' என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புபவர் பெறாதவருக்கு வழிகாட்டும் நூல்வகைக்கு ஆற்றுப்படை என்று பெயரிட்டனர் பண்டைப் புலவர். அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லுதல் என்னும் அந்த முறையிலேயே இதனை எழுதுகின்றோம்.

எம் ராத்தா, மச்சான் மறைந்த பின்னரும் காரை விற்கவில்லை. மாதத்திற்கு இருமுறை மதுரை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பதே காரணம். மகன் வளைகுடா நாட்டில். சம்பளத்திற்கு ஓர் ஓட்டுநர். சென்ற ஆண்டு, மருத்துவமனையிலிருந்து திரும்புகையில், பரமக்குடியைக் கடந்த சற்று நேரத்தில், மஃரிபு வேளையில் வண்டி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்திருந்தது. யாரோ அழைத்து வந்த மீட்பு வண்டிக்காரர் இராமநாதபுரம் வரை இழுத்துச் செல்ல ஒன்பதாயிரம் ரூபாய் கேட்டார். பேசிப் பேசி ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கி வந்தார். அது நியாயமான கூலியா, இல்லையா என்று ராத்தாவுக்கும் தெரியவில்லை, ஓட்டுநருக்கும் தெரியவில்லை. இருட்டத் தொடங்கிவிட்ட சாலையோரத்தில் நோயுற்ற ஒரு பெண்மணி அமர்ந்திருக்க, விலையை விசாரிக்க எங்கே போவது?

ஃபிக்ஹு நூல்களைப் பயின்றவர்க்கு இவ்விடத்தில் 'தலக்கீ அர்ருக்பான்' என்னும் தடை நினைவுக்கு வரும். சரக்கு ஏற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தாரை, அவர்கள் ஊருக்குள் நுழைந்து சந்தை விலையை அறிந்து கொள்ளும் முன்பே, வழியில் எதிர்கொண்டு சென்று மலிவாக வாங்கிக் கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், வியாபாரத்தை முறித்துக் கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. அங்கே விற்பவர் அறியாதவர். பரமக்குடிச் சாலையில் வாங்குபவர் அறியாதவர். ஆயினும் சந்தையிலிருந்து விலகி நிற்பவரின் அறியாமையை விலையாக்கிக் கொள்வது என்ற செயல் இரண்டிலும் ஒன்றே. மீட்பு வண்டிக்காரரை நாம் குறை கூறவில்லை. அவருக்கும் டீசல் செலவு உண்டு, இரவுப் பணி உண்டு. ஆனால் விலையை அமைதியாக இருந்து பேசி முடிக்க வேண்டிய இடம் சாலையோரமன்று, வீடு. வழியுதவிச் சேவையை முன்கூட்டியே வாங்கி வைப்பதன் பயன் இதுதான்.

இந்நிகழ்ச்சியில் வியப்பு என்னவெனில், ராத்தாவுக்கு அச்சேவை ஏற்கெனவே இருந்தது. ஒன்றன்று, இரண்டு! காப்பீட்டுப் பத்திரத்தோடு இணைந்தது ஒன்று. வண்டியைப் பழுது பார்க்கும் நிறுவனப் பட்டறை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுத்து வந்தது மற்றொன்று. இரண்டிற்கும் பணம் போய்க்கொண்டிருந்தது. இரண்டின் தொலைபேசி எண்ணும் வண்டியில் இல்லை.

ஆகவே, இவ்வாண்டு புதுப்பிப்புத் தாள் வந்ததும் அதனை எம்மிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். உடனே, "முகவர் நம்ம பிள்ளைதானே தம்பி, அவன்கிட்டப் போய்க் கணக்கா கேக்கறது?" என்றும் சொன்னார்கள். முகவர் எம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். ஸஃப்பில் எமக்குத் தோளோடு தோள் நிற்பவர். மச்சான் காலத்திலிருந்தே அவர் அனுப்பும் தாளுக்கு மறுவார்த்தையின்றிப் பணம் போய்விடும்.

தாளில் இருந்த மொத்தத் தொகை 13,924 ரூபாய். இதனைப் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே பேசலாம், எங்கே பேசக்கூடாது என்பது தெரியும். மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது. அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கின்றது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி ஆயிரம் சி.சி.க்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு சி.சி.க்குள் உள்ள காருக்கு 3,416 ரூபாய். எந்த நிறுவனத்திடம் சென்றாலும் இத்தொகை மாறாது. இதில் பேரம் பேசுவது வீண். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்கான பகுதியோ 2007 ஜனவரி 1 முதல் கட்டண விதியிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் விலையும், வழியுதவி போன்ற இணைப்புகளின் விலையும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். விசாரிக்க வேண்டியது இங்கேதான். பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

இன்னொரு மயக்கமும் பரவலாக உண்டு. 'முழுக் காப்பீடு எடுத்திருக்கின்றோம், வண்டி நின்றால் அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்' என்பது. அவ்வாறன்று. இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் சாதாரணக் காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்கப்பட்டவை. விபத்தில் சேதமுற்ற காரைப் பட்டறைக்கு அகற்றும் செலவுக்கு அதில் இடமுண்டு. அதுவும் வழக்கமான வாசகப்படி 1,500 ரூபாய் வரைதான். பெல்ட் அறுந்தாலும், பேட்டரி இறங்கினாலும் அந்தப் பத்திரம் வாய் திறவாது.

ராத்தாவின் தாளில் வேறொரு வேடிக்கையும் இருந்தது. 'உரிமையாளர் - ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு என்று 375 ரூபாய். வண்டி ராத்தாவின் பெயரில் இருக்கின்றது. அவர்களுக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. உரிமம் இல்லாத உரிமையாளருக்கு அப்பிரிவு பொருந்தாது. நாள்தோறும் வண்டி ஓட்டும் அந்த ஏழை ஓட்டுநருக்கான பொறுப்புக் காப்பீடோ, அதற்குச் செலவு வெறும் ஐம்பது ரூபாய்தான், தாளில் இல்லவே இல்லை! கூலியாளின் உரிமையைப் பற்றி இத்துணை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், எம் வீட்டுத் தாள்களில் இவ்வரியைத் தேடிப் பார்த்திருக்கின்றோமா?

அஸருக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் முகவரோடு அமர்ந்தோம். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சற்றும் தயக்கமின்றிக் கூறினார்: "கம்பெனி அனுப்புறதை நான் அப்படியே அனுப்புறேன், ஹஜ்ரத். ராத்தா ஒருநாளும் கேட்டதில்லையே!"

'கேட்டதில்லையே' என்ற அந்த ஒரு சொல்லில் இவ்வணிகத்தின் இரகசியம் முழுவதும் அடங்கிவிட்டது. ஹன்பலீ மத்ஹபின் நூல்களில், குறிப்பாக ஹிஜ்ரி 620இல் மறைந்த இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் 'அல்முக்னீ'யில், 'முஸ்தர்ஸில்' என்றொருவரைப் பற்றிய பேச்சு வருகின்றது. விலை அறியாதவர், பேரம் பேசத் தெரியாதவர், எதிரிலிருப்பவர் மீது நம்பிக்கை வைத்துச் சொன்ன விலையைக் கொடுத்துவிடுபவர். அத்தகையவரிடம் வழக்கத்தை மிஞ்சிய விலை வாங்கப்பட்டால், வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது அந்த மத்ஹபின் முடிவு. வழியில் மறிக்கப்பட்ட ஒட்டகக் கூட்டத்தாரையும், போலியாக விலையேற்றும் 'நஜ்ஷ்' சூழ்ச்சியில் சிக்கியவரையும், முஸ்தர்ஸிலையும் அவர்கள் ஒரே வரிசையில் வைக்கின்றனர். எம் ஷாஃபிஈ மத்ஹபில் விலை மிகுதி என்பதற்காக மட்டும் வியாபாரம் முறிவதில்லை. ஏமாற்று இருந்தாலன்றி, விசாரியாமல் வாங்கியவர் மீதே அப்பொறுப்பு நிற்கும். இரு கருத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விற்பவருக்கு ஒன்றும் வாங்குபவருக்கு ஒன்றுமாக இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

இஃது ஏதோ பழைய நூற்பேச்சு என்று இளைஞர்கள் எண்ண வேண்டா. பிரிட்டனில் நீண்ட நாள் வாடிக்கையாளர்களிடம் ஆண்டுக்காண்டு விலையை உயர்த்திக் கொண்டே போவதும், புதிதாக வருபவருக்குக் குறைத்துக் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமாக இருந்து வந்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம், வீட்டுக் காப்பீட்டிலும் மோட்டார் காப்பீட்டிலும், பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிடக் கூடுதல் விலை கூறக்கூடாது என்று விதித்துவிட்டது. முஸ்தர்ஸிலின் குறை எட்டு நூற்றாண்டுகள் கழித்து இலண்டனில் கேட்கப்பட்டது!

விலையில் குறைத்துக் காட்டுவதிலும் சூழ்ச்சிகள் உண்டு. வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டால் கட்டணமும் குறையும். வண்டி களவு போனால் கிடைக்கும் தொகையும் குறையும். பெரிய எண் ஒன்றை அடித்துக் காட்டி அருகில் சிறிய எண்ணை எழுதுவார்கள். அந்தப் பெரிய விலைக்கு ஒருவரும் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டார்கள். நஜ்ஷின் இளைய சகோதரன் என்று அதனைச் சொல்லலாம். நாம் மூன்று நிறுவனங்களில் விலை கேட்டபோது, ஒரே வண்டி மதிப்பையும் ஒரே சலுகை விகிதத்தையும் கொடுத்துத்தான் கேட்டோம். கோரிக்கை எழாத ஆண்டுகளுக்குரிய சலுகை ராத்தாவுக்கு உச்ச அளவாகிய ஐம்பது விழுக்காட்டை எட்டியிருந்தது. பத்திரம் காலாவதியாகித் தொண்ணூறு நாட்கள் கடந்தால் அச்சலுகை முழுவதும் போய்விடும். ஆகவே விசாரணையைத் தேதிக்கு மூன்று வாரம் முன்னரே தொடங்கினோம்.

வழியுதவிச் சேவைகளை ஒப்பிடுகையில் விலையைக் கடைசியில்தான் பார்த்தோம். எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துச் செல்வார்கள், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு என்ன, ஆண்டுக்கு எத்தனை முறை, வண்டி போய்ச் சேருவது அருகிலுள்ள பட்டறைக்கா, நாம் சொல்லும் பட்டறைக்கா, உதிரிப் பொருளுக்கும் எரிபொருளுக்கும் விலை யார் கொடுப்பது, பழைய வண்டிக்கும் உண்டா? மதுரைக்கும் இராமநாதபுரத்திற்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல். நகரத்திற்குள் வண்டி ஓட்டுபவருக்கு இருபது கிலோமீட்டர் போதும், ராத்தாவுக்குப் போதாது. காப்பீட்டோடு வந்த சேவை வரியுடன் 590 ரூபாய், பட்டறையினுடையது 1,180. பட்டறைச் சேவையில் இழுவைத் தூரம் இரு மடங்குக்கு மேல். விலை கூடியதையே வைத்துக் கொண்டு மலிவானதை நீக்கினோம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. மார்க்கச் சட்டம் சார்ந்தது அது. 1985இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக ஃபிக்ஹுப் பேரவை, நிலையான கட்டணத்தில் நடைபெறும் வணிகக் காப்பீட்டை, அதிலுள்ள பெரும் 'ஃகரர்' எனும் நிச்சயமின்மையின் காரணமாக ஆகாது என்று தீர்மானித்து, கூட்டுறவு முறையைப் பரிந்துரைத்தது. ஷைகு முஸ்தஃபா ஸர்கா போன்ற பேரறிஞர்கள் அனுமதித்தும் எழுதியுள்ளனர். சட்டம் கட்டாயமாக்கியதை நிர்ப்பந்தத்தின் கணக்கில் சேர்க்கலாம்; விருப்பத்தின் பேரில் கூட்டிக் கொள்பவற்றைக் குறித்து ஒவ்வொருவரும் தம் ஆலிமிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். வழியுதவியைத் தனியாக வாங்கும்போது அங்கே பணத்திற்குப் பணம் மாறுவதில்லை. ஆளும் வண்டியும் ஆயத்தமாக நிற்பதற்கும் வந்து உழைப்பதற்கும் கூலி கொடுக்கின்றோம். அஃது 'இஜாரா'வுக்கு நெருங்கி வருகின்றது என்பது எம் எண்ணம். நபி யூஸுஃப் (அலை) வரலாற்றில் அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொணர்பவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதே, அதனை ஆதாரமாகக் கொண்ட 'ஜுஆலா'வை நினைப்பவரும் உண்டு. ஆனால் ஜுஆலாவில் வேலை முடிந்த பின்னரே கூலி, இங்கே முன்பணம். ஆகவே அவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. காப்பீட்டோடு ஒட்டி விற்கப்படுவதைவிடத் தனியே வாங்குவது மனத்திற்கு அமைதி தருவது என்ற அளவில் நிறுத்திக் கொள்கின்றோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் விலைவாசி ஏறியபோதும் விலையை நிர்ணயிக்க மறுத்தார்கள். ஆகவே நியாய விலை என்பது யாரோ ஒருவர் எழுதி வைத்த எண்ணன்று. இருவரும் அறிந்து, இருவரும் பொருந்தி வரும் எண். அந்த அறிவை முகவரிடமே கேட்டோம். மற்ற நிறுவனங்களின் விலைகளை அவர் முன் வைத்ததும், அவரே தொலைபேசியில் பேசி, சொந்தச் சேதப் பகுதியை 6,109 ரூபாயிலிருந்து 4,134க்குக் குறைத்து வாங்கினார். உரிமையாளர் - ஓட்டுநர் வரி நீங்கியது; ஓட்டுநருக்கான ஐம்பது ரூபாய் சேர்ந்தது; தேவையற்ற இணைப்புகள் எல்லாம் கழிந்தன. வரியுடன் 8,968 ரூபாய். பட்டறைச் சேவையையும் கூட்டினால் 10,148. முன்பு இரண்டிற்குமாக 15,104 போயிருக்கும். முகவரின் தரகும் குறைந்திருக்கும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கணக்குக் கேட்டதால் உறவு கெடும் என்று ராத்தா அஞ்சியது நடக்கவில்லை.

பட்டறைச் சேவையின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, ஓட்டுநரின் தலைக்கு மேல் பயண துஆ ஒட்டியிருக்கும் இடத்தின் கீழே ஒட்டினோம். அதனடியில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033. நெடுஞ்சாலையில் இரவும் பகலும் உதவிக்கு அழைக்கலாம். வண்டி நம்முடையதா, யாருடையதா என்று அவர்கள் கேட்பதில்லை.

சென்ற வாரம் அந்த முகவர் வேறு இரு வீட்டாரின் புதுப்பிப்புத் தாள்களோடு பள்ளிக்கு வந்தார். "ஹஜ்ரத், இதையும் ஒருதரம் பார்த்துடுங்க, ரெண்டு பேரும் கேக்கத் தெரியாதவங்க" என்றார். ஒன்றில் வழியுதவி இருமுறை எழுதப்பட்டிருந்தது.