மாவுப்பூச்சியின் ஊர் எது?

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போனால் வேறு பயிர் வைத்துக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மேட்டுக் காடுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் பயிர் அது. விளைந்ததை வாங்கப் பக்கத்திலேயே சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருக்கின்றன. அந்த மரவள்ளியின் கொழுந்தில்தான் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்து உட்கார்ந்தது. இந்தியாவில் இது 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேலம், நாமக்கல் வரை வந்துவிட்டது.

அப்படிப் பூச்சி விழுந்த காடு ஒன்றில் நின்று பார்த்தேன். கொழுந்து இலைகள் முட்டைக்கோசு போலச் சுருண்டிருந்தன. கணுக்கள் நெருங்கி, தண்டு கோணிப்போயிருந்தது. சுருண்ட இலையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு அப்பியிருந்தது. காட்டுக்காரர் வயதானவர்.

“மருந்து அடிச்சா ஒரு வாரம் அடங்கியிருக்குதுங்க. அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா வருது. இது நம்மூர்ப் பூச்சியே இல்லைங்க. எங்கிருந்துதான் வந்துச்சோ!” என்றார்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை ஒட்டவிடாது. சுருண்ட இலைக்குள் மருந்து போவதும் இல்லை. பூச்சியை அடக்கி வைக்க வெளியே நடமாடும் பொறிவண்டும் குளவியும்தான் முதலில் சாகின்றன. ஆனால் ‘எங்கிருந்து வந்துச்சோ’ என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அதைத் தேடித்தான் பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

மாவுப்பூச்சி என்பது ஒரே பூச்சி அல்ல. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் மொய்த்த பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோ. இப்போது வந்திருப்பது வேறு இனம். மாவைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். அறிவியல் பெயர் ஃபினகாக்கஸ் மனிஹோட்டி. இதில் ஆணே தேவையில்லை. பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும், பிறப்பதும் பெண்களே. ஒரே ஒரு பூச்சி விதைக்குச்சியில் ஒட்டிக்கொண்டு போனாலும் போதும், புது ஊரில் குடும்பம் பெருகிவிடும்.

இந்தப் பூச்சிக்குப் பெயர் சூட்டியவர் மட்டீல் ஃபெரெரோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர். ஆண்டு 1977. மாதிரி கிடைத்த இடம் ஆப்பிரிக்காவின் காங்கோ. அப்படியானால் இது ஆப்பிரிக்கப் பூச்சி என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் மரவள்ளியே ஆப்பிரிக்கச் செடி அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இந்தப் பூச்சி அங்கே யார் கண்ணிலும் படவில்லை. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றங்கரையின் கின்ஷாசா, பிராசவில் பகுதிகளில்தான் திடீரென்று முளைத்தது. செடி முதலில் பயணப்பட்டது. பூச்சி மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. பூச்சியை அடக்கி வைத்திருந்த எதிரி மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. இந்தப் பூச்சியால் ஆப்பிரிக்கா பட்ட துன்பத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

அங்கே மரவள்ளி என்பது ஜவ்வரிசி அல்ல, அன்றாடச் சோறு. இருபது கோடிப் பேர் அதை நம்பியிருந்தார்கள். தாக்கிய இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை போனது. கிழங்கோடு கீரையாகச் சமைக்கும் இலையும் போனது. அடுத்த பருவத்துக்கு நட நல்ல குச்சியும் இல்லாமல் போனது. கோடை நீளும் இடங்களில் சேதம் இன்னும் கடுமை. மழை பெய்தால் பூச்சியை அடித்துக்கொண்டு போகும், வறண்ட மாதங்களில் பூச்சி தடையில்லாமல் பெருகும்.

நைஜீரியாவின் இபாடனில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்தில் 1979-இல் சேர்ந்தவர் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர். பூச்சியின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்தால் அதன் எதிரியும் அங்கேயே இருக்கும் என்று நம்பி, அமெரிக்கக் கண்டத்தில் தேடலைத் தொடங்கினார். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளி மாவுப்பூச்சி ஒன்று கிடைக்கவும் செய்தது. கூர்ந்து ஆராய்ந்தால் அதில் ஆண் பூச்சிகள் இருந்தன. தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு இனம். அதற்கு ஹெரன் பெயரையே வைத்தார்கள். அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சிக்கு உதவவில்லை. அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பூச்சியின் உடலை உருப்பெருக்கியில் வைத்து வேறுபாடு பார்க்கும் வகைப்பாட்டாளர்களின் உழைப்பை இந்த இடத்தில்தான் முழுதாக உணர்ந்தேன். இரண்டும் ஒன்றே என்று அவர்கள் விட்டிருந்தால் தேடல் அங்கேயே முடங்கியிருக்கும்.

1981-இல், கொலம்பியாவின் காலி நகருக்கு அருகிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் பூச்சியியலாளர் ஆன்டனி பெலோட்டி, பராகுவே நாட்டில் அந்த இளஞ்சிவப்புப் பூச்சியைக் கண்டார். பராகுவே ஆற்றுப் படுகைதான் அதன் சொந்த ஊர். அங்கே அது யாருக்கும் தொல்லையாக இல்லை. அதன் மீது வாழும் குளவிகளும் பொறிவண்டுகளும் எண்ணிக்கையை அடக்கியே வைத்திருந்தன. அவற்றில் ஒன்றுதான் அனாகைரஸ் லோபெசி. அர்ஜென்டினப் பூச்சியியலாளர் டி சாந்திஸ் 1964-லேயே பெயர் வைத்த குளவி. அதன் இரைக்குப் பெயர் கிடைத்ததே பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்!

பராகுவேயிலிருந்து எடுத்த குளவிகளை இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்தார்கள். அவை மரவள்ளிப் பூச்சியைத் தவிர வேறு எதற்கும் தீங்கு செய்யாது என்று உறுதியான பிறகுதான் நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். 1981-இன் இறுதியில் முதல் குளவிகள் வெளியே விடப்பட்டன. பிறகு ஆய்வுக்கூடங்களில் பெருக்கி, சில இடங்களில் விமானத்திலிருந்தும் விட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குளவி நிலைத்தது, மாவுப்பூச்சி அடங்கியது. செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பயன் கிடைத்தது என்று 1988-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. விவசாயியின் கையிலிருந்து குளவிக்கென்று ஒரு காசும் செலவாகவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2008-இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். நமக்கும் பெனினிலிருந்துதான் வந்தது. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதைத் தருவித்து, சோதித்து, பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகள் முதலில் விடப்பட்டன. பராகுவேயிலிருந்து ஏத்தாப்பூர் வர நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்தக் குளவியை நேரில் பார்க்க விரும்பினேன். கைலென்சை வைத்துக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இராது, கறுப்பாக ஓர் உருவம் மாவின் மேல் ஏறியது. உணர்கொம்பால் ஒவ்வொரு பூச்சியாகத் தட்டித் தட்டிப் பார்த்தது. பெரிதையும் விட்டது, மிகச் சிறிதையும் விட்டது. நடுத்தரமான ஒன்றின் பக்கம் திரும்பி நின்று, பின்புறத்தால் குத்தி முட்டை வைத்தது. அதற்குள் ஓர் எறும்பு வந்து விரட்டிவிட்டது. மாவுப்பூச்சி கழிக்கும் தேன்கழிவுக்காக எறும்பு காவல் நிற்கிறது. கீழ் இலையில் பழுப்பாக, உப்பி, விறைத்துப்போன பூச்சிகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. குளவிப் புழு உள்ளே தின்று முடித்த கூடுகள் அவை. சிலவற்றில் குளவி கடித்துக்கொண்டு வெளியேறிய வட்ட ஓட்டை தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பெரியவரிடம் போய், பூச்சி பராகுவேயிலிருந்து வந்தது, அதன் எதிரியும் பின்னாலேயே வந்துவிட்டது என்று சொன்னேன். “அப்ப நாங்க என்னங்க செய்யணும்?” என்று உடனே கேட்டார். அவரிடம் சொன்னதையே எல்லோரிடமும் சொல்கிறேன். பழுப்புக் கூடுகள் கண்ணில் பட்டால் அந்தக் காட்டில் மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் உங்களுக்காக உழைக்கும் குளவிதான் சாகும். பூச்சி விழுந்த காட்டிலிருந்து விதைக்குச்சி வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். அதிகம் பாதித்த கொழுந்தைத் தொடக்கத்திலேயே ஒடித்து அழித்துவிடுங்கள். அரசுக்கும் ஒரு கோரிக்கை: குளவி வளர்க்கும் கூடங்களையும் பூச்சிகளை இனம் பிரித்துச் சொல்லும் வகைப்பாட்டாளர்களையும் பூச்சி வந்த பிறகு தேடாமல், வருவதற்கு முன்பே நிதி கொடுத்துக் காப்பாற்றி வையுங்கள்.