கணுக்காலில் ஒரு வயலின், தோளில் ஒரு வயலின்

என்னிடம் இரண்டு வயலின்கள் உண்டு. ஒன்று கச்சேரிக்கு, இன்னொன்று ஸ்டூடியோவுக்கு. கச்சேரி வயலினின் நான்கு தந்திகளும் ஸ-ப-ஸ-ப. பாடுகிறவரின் கட்டை எதுவோ அதற்குச் சேர்த்துக்கொள்வேன். ஸ்டூடியோ வயலின் எப்போதும் ஜி-டி-ஏ-இ. யார் பாடினாலும் அது மாறாது.

ஸ்டூடியோவில் அதைத் தோளில் வைத்து, தாடையால் பிடிக்கிறேன். கச்சேரியிலோ தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பக்கத்தை மார்போடு சாய்த்துக்கொள்கிறோம். வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு இடது கைக்குத் துளியும் இல்லை. விரல் தந்தியின் மேல் தடையில்லாமல் ஏறி இறங்குவது அதனால்தான். பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினைக் கற்றுக்கொண்டு 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் மன்னர் சுவாதித் திருநாள் யானைத் தந்த வயலினே பரிசளித்தார். அன்னியக் கருவி நம் குரலோடு இவ்வளவு ஒட்டியதற்கு இந்த உட்காரும் முறையே பெரிய காரணம் என்பேன்.

என் முதல் ஒலிப்பதிவில் பன்னிரண்டு வயலின்கள். தாளில் இ-ஃபிளாட், நீண்ட ஸ்வரம். சி-யை ஸட்ஜமாக வைத்தால் அது சாதாரண காந்தாரம். பத்து வருஷம் தோடி வாசித்த விரல், அந்த இடம் வந்ததும் தானாக அசைந்தது. தோடியில் அந்த அசைவுதான் காந்தாரம். பக்கத்திலிருந்த மூத்தவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, எழுதின எடத்துலயே நிக்கட்டும்." அங்கே வில்கூட நம் இஷ்டத்துக்கு இல்லை, டவுன் போ என்று குறி இருந்தால் பன்னிரண்டு வில்லும் ஒன்றாக இறங்க வேண்டும். அசையாமல் நிற்பதற்கு மாதக்கணக்கில் சாதகம் செய்தேன். என் கச்சேரிக் கார்வைகள் சுத்தமானது அதற்குப் பிறகுதான்.

ஆனாலும் என்னை வளர்த்தது பக்கவாத்தியம். ஆலாபனையில் பாடகர் அடுத்து எந்தப் பிடியைப் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. அரை மூச்சு பின்னால் போகிறேன். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் விட்ட ஸ்வரத்தை அறுந்துபோகாமல் பிடித்துவைக்கிறேன். முந்தினால் அவர் வழியை அடைத்துவிடுவேன். ரொம்பப் பிந்தினால் அது துணை இல்லை, எதிரொலி. கண் அவருடைய கழுத்திலும் கையிலும் இருக்கும். என் விரல்களை நான் பார்ப்பதே இல்லை. என் முறை வரும்போது, அவர் பாடிய நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது என் குரு வகுத்த விதி. இன்றுவரை மீறியதில்லை. தனிக் கச்சேரிகளால் புகழ்பெற்ற லால்குடி ஜெயராமனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் டி.என். கிருஷ்ணனும்கூடப் பெரிய பாடகர்களுக்குப் பல காலம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களே.

அடுத்த கச்சேரியில், பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் ஒரு ஐந்து நிமிஷம் வயலினை மட்டும் கேளுங்கள்.