கேள்விக்குறிகளுக்குப் பின்னால்

டிசம்பர் 9, 2024, திங்கள்

நேற்றிரவு மின்சாரம் போய் வந்ததிலிருந்து மடிக்கணினியில் கறுப்புத் திரையும் கட்டளை வரியும்தான். வாத்தியார் தந்த வட்டு திறக்கிறது. ஆனால் கோப்புகளைப் பட்டியலிட எல்.எஸ் என்று தட்டினால் வரிவரியாகக் கேள்விக்குறிகள்.

26ஆம் தேதி சுனாமிக்கு இருபது ஆண்டு. அன்று மாட்டவேண்டிய படங்கள் இந்த வட்டில்தான் இருக்கின்றன. படங்களில் இருப்பவர்கள் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்; 1969 முதல் அங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர்களின் வீட்டார் பலர். யார், எந்த முகாம் என்பதெல்லாம் கோப்பின் பெயரில் மட்டுமே உண்டு. பெயர் போனால் வெறும் முகம்தான் மிச்சம்.

டிசம்பர் 10

மழை. வட்டைத் தொடவே இல்லை.

டிசம்பர் 13

கேள்விக்குறிகள் எல்லாப் பெயரிலும் மூன்று மூன்றாகவே வருகின்றன. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அப்படியானால் உள்ளே ஏதோ இருக்கிறது!

பக்கத்து வீட்டுப் பையனின் பென் டிரைவிலிருந்து இன்னொரு லினக்ஸை ஏற்றினேன். அதன் எல்.எஸ் புதியது, கேள்விக்குறிக்குப் பதில் 340, 256, 252 என்று எண்களைக் கொட்டியது. அந்த மூன்றும் சேர்ந்தால் 'ப'. லினக்ஸ் கர்னலுக்குக் கோப்பின் பெயர் வெறும் பைட் வரிசை. சாய்கோட்டையும் சுழியப் பைட்டையும் தவிர எதையும் வாங்கிக்கொள்ளும். காட்டுகிற கருவிதான் லோகேல் என்ற மொழி அமைப்பைப் பார்க்கிறது. அது 'சி' என்றிருந்தால் ஆங்கிலத்தைத் தாண்டி எதுவும் அதற்கு எழுத்தே இல்லை. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பழக்கம்! லோகேலை மாற்றியதும் பெயர்கள் வந்துவிட்டன. புள்ளியும் கொம்பும் இடம் பிசகி நிற்கின்றன, நிற்கட்டும்.

டிசம்பர் 17

ஒரே அடைவில் இரண்டு 'முகாமில் பொங்கல்'. நான் தட்டச்சிட்டால் ஒன்றுதான் திறக்கிறது. இன்னொன்று வாத்தியார் மகளின் மேக் வழியாக வந்ததாம். அதில் 'பொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. ஒன்றை அழித்துவிடலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"அழிச்சிராதீங்க தம்பி. இது மறு வருஷம் எடுத்தது. அப்பவும் தகரக் கொட்டகைதான்."

டிசம்பர் 22

இன்னும் ஓர் அடைவு. லோகேலை மாற்றியபின் பார்த்தபோது கேள்விக்குறியே இல்லாததால் இதுவரை கவலைப்படாமல் விட்டிருந்தேன். பெயர்கள் குறி போட்ட ரோமன் எழுத்துகளாகப் பளிச்சென்று நிற்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய ஏதோ எழுத்துருவில் அடித்தவை; ஒவ்வொரு எழுத்துருவும் தமிழை அதனதன் இஷ்டத்துக்கு அந்த எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்த காலம். திஸ்கி, டாப், டாம் குறியாக்கங்கள் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. வாத்தியாருக்கும் நினைவில்லை, கடைப் பையன் அடித்துக் கொடுத்தான் என்கிறார்.

2005 வாக்கில் போர்ட் பிளேரின் அபர்தீன் பஜார் டிடிபி கடைகளில் தமிழ் அடித்தவர்கள் இதைப் படித்தால், எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.