முதல் வகுப்புக்குச் செல்லும் வழி

இந்தியாவில் பள்ளி ஆசிரியருக்கு உரிமம் என்ற பெயரில் ஓர் அட்டை கிடையாது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் பெயரைப் பதிவு செய்து எண் வழங்கும் மன்றமும் இல்லை. ஆனால் உரிமம் இல்லாமல் அரசுப் பள்ளியில் கரும்பலகைக்கு முன் நிற்கவும் முடியாது. பயிற்சிப் பட்டம் ஒன்று, தகுதித் தேர்வு ஒன்று, அதன்பின் மாநில அரசு நடத்தும் நியமனத் தேர்வு ஒன்று. மூன்றும் சேர்ந்துதான் அந்த உரிமம். மூன்றையும் மூன்று வெவ்வேறு அமைப்புகள் வைத்திருக்கின்றன; ஒன்றின் சொல்லை மற்றொன்று கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை.

ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், நகரத்திலிருந்து சற்றுத் தள்ளிய சந்தால் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண் ஒருத்தி ஏழாண்டுகளாக இந்த வழியில் நடந்துகொண்டிருக்கிறாள். அவள் விரும்புவது பெரிய பதவியன்று. முதல் வகுப்பில், சந்தாலி மட்டுமே தெரிந்து பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு ஆசிரியை ஆகவேண்டும். அவளே அப்படி வந்தவள்தான். இந்தியில் அழைக்கப்பட்ட தன் வருகைப் பதிவுக்கு எப்படி விடை சொல்வது என்று தெரியாமல் முதல் சில வாரங்கள் வாய்மூடி அமர்ந்திருந்தவள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்பதுதான் தொடக்கப்பள்ளி ஆசிரியராவதற்கான நேர்வழி. டி.எல்.எட். என்பார்கள். பட்டம் பெற்றவர் இரண்டாண்டு பி.எட். படித்தால் ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும். இந்த எல்லைக்கோட்டை 2018 ஜூன் 28 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் ஓர் அறிவிக்கையால் அழித்தது: பி.எட். முடித்தவரும் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கலாம், பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும். அவள் அப்போது பி.ஏ. முடித்திருந்தாள். ஒரே படிப்பில் இரண்டு கதவுகள் திறக்கும் என்றால் யார்தான் பி.எட்.டை விடுவார்கள்? வீட்டில் ஒரு ஜோடி எருது விற்கப்பட்டது. அவள் சேர்ந்தாள்.

பி.எட்.டின் இரண்டாம் ஆண்டில் பள்ளியில் செலவிட வேண்டிய நீண்ட பயிற்சிக்காலம் உண்டு. அவள் அனுப்பப்பட்டது ஒரு நடுநிலைப்பள்ளிக்கு; ஆள் பற்றாக்குறையால் பெரும்பாலான நாட்கள் முதல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டாள். அங்குதான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. மொழியியல் படித்தவர்கள் புத்தகத்தில் சந்திப்பதை அவள் வகுப்பறையில் சந்தித்தாள்.

ஒருநாள் தலைமையாசிரியரும் மற்றோர் ஆசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். வாசலில் நின்று இந்தியில், "ஹம் போகிறோம், அமைதியாக இருங்கள்" என்றார் தலைமையாசிரியர். நான்கைந்து குழந்தைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றன. அவர் அதட்டினார். அவை அழுதன.

தமிழ் பேசுவோருக்கு இதை விளக்குவது எளிது. ‘நாம்’ போகிறோமா, ‘நாங்கள்’ போகிறோமா என்பதில் தமிழ்க் குழந்தைக்குக் குழப்பம் வராது. இந்தியின் ‘ஹம்’ அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கிழக்கு மாநிலங்களின் பேச்சில் அது ‘நான்’ என்றும் பொருள்படும். சந்தாலியோ தமிழைவிட ஒருபடி மேலே செல்கிறது. அதில் ஒருமை, பன்மை என்பவற்றோடு இருமையும் உண்டு. ஆகவே தன்மைப் பன்மைக்கு நான்கு சொற்கள். நீயும் நானுமாகிய இருவர் என்றால் ‘அலாங்’. நானும் வேறொருவரும், நீ இல்லை என்றால் ‘அலிஞ்’. உன்னையும் சேர்த்துப் பலர் என்றால் ‘அபோ’. உன்னை விட்டுப் பலர் என்றால் ‘அலே’. அன்று தலைமையாசிரியர் சொல்ல வேண்டியிருந்தது அலிஞ். அந்த ஒரு சொல்லை அவள் சொன்னாள். குழந்தைகள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தன.

ஐந்து வயதில் இந்த நான்கையும் பிசகாமல் ஆளும் குழந்தையைத்தான் பள்ளிப் பதிவேடு மொழித்திறன் குறைந்த குழந்தை என்று எழுதுகிறது.

பி.எட். முடிந்தது. அடுத்தது தகுதித் தேர்வு. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரம் பெற்ற தேசியக் கவுன்சில், 2010 ஆகஸ்ட் 23இன் அறிவிக்கையால் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. மாநிலங்கள் தமக்கெனத் தேர்வு நடத்தலாம். மத்திய அரசுக்காக சி.பி.எஸ்.இ. வாரியம் 2011 முதல் சிடெட் நடத்துகிறது. முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை. ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள், தேர்ச்சிக்கு அறுபது விழுக்காடு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் முப்பது, கணக்கு முப்பது, சூழ்நிலையியல் முப்பது, மொழி ஒன்று, மொழி இரண்டு எனத் தலா முப்பது. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு மொழி.

தேர்வர் தெரிவுசெய்யக்கூடிய மொழிகள் இருபது. அந்தப் பட்டியலை மொழியியல் மாணவர் எவரும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. அவற்றுள் 15 மட்டுமே தேர்வில் இடம்பெறுகின்றன. அட்டவணையில் இல்லாத ஆங்கிலம், காரோ, காசி, மிசோ, திபெத்தியம் ஆகிய ஐந்தும் இடம்பெறுகின்றன. விடுபட்டவை போடோ, டோக்ரி, காஷ்மீரி, கொங்கணி, மைதிலி, சந்தாலி, சிந்தி. இவற்றுள் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி என்ற நான்கும் 2003இல் 92ஆம் திருத்தத்தின் வழியாக அட்டவணைக்குள் வந்தவை. அன்று சேர்ந்த நான்கில் ஒன்றுகூட இந்தத் தேர்வறைக்குள் நுழையவில்லை.

பேசுவோர் எண்ணிக்கை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். காசி பேசுவோர் ஏறத்தாழ 14 லட்சம். காசியும் சந்தாலியும் ஒரே ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மேகாலயத்தின் பள்ளிகளில் காசி நெடுங்காலமாகப் பயிற்றுமொழி. ஆகவே பட்டியலில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்படியானால் பட்டியலின் தருக்கம் இதுதான்: ஏற்கெனவே எந்த மொழியில் கற்பிக்கப்படுகிறதோ அந்த மொழிக்கே ஆசிரியர் தகுதி அளக்கப்படும். கற்பிக்கப்படாத மொழிக்குத் தகுதித் தாள் இல்லை; தாள் இல்லாததால் தகுதியுள்ள ஆசிரியர் இல்லை; ஆசிரியர் இல்லாததால் கற்பிக்க இயலாது. சந்தாலியைத் தேவநாகரி, வங்கம், ஒடியா, ரோமன் எனப் பல எழுத்துகளில் எழுதுவதால் எதில் அச்சிடுவது என்ற சிக்கல் உண்டு என்பார்கள். ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்துக்கு ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. கல்லூரி ஆசிரியர்களுக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் சந்தாலி ஒரு பாடம். அங்கே தீர்ந்த சிக்கல் இங்கே தீராமலிருப்பது வியப்புத்தான். சந்தாலி இலக்கியத்தில் விரிவுரையாளர் தகுதி பெறலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதே மொழியில் கற்பிக்கும் தகுதியை அளக்க மத்தியத் தேர்வில் வழியில்லை.

அவள் மொழி ஒன்றுக்கு இந்தியும் மொழி இரண்டுக்கு வங்கமும் எடுத்தாள். பழங்குடியினருக்கான சலுகைக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். 2021 ஜனவரியில் எழுதிய முதல் தாளில் 104 பெற்றாள். குழந்தை வளர்ச்சிப் பகுதியில் வழக்கமாக வரும் வகை வினா ஒன்று உண்டு: வகுப்பில் குழந்தைகள் பல மொழிகள் பேசுகிறார்கள், ஆசிரியர் என்ன செய்யவேண்டும்? அந்த மொழிகளை வளமாகக் கருதிப் பயன்படுத்த வேண்டும் என்பதே சரியான விடை. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்கிறது. அவளுக்கு அந்த வினாவில் முழு மதிப்பெண். அந்த விடையை இந்தியில் படித்து இந்தியில் குறித்தாள். மொழித்தாள்கள் தவிர்த்த மற்றப் பகுதிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகின்றன. இந்த விஷயத்தில் பட்டியலுக்குள் இருக்கும் தமிழுக்கும் வெளியே இருக்கும் சந்தாலிக்கும் ஒரே நிலைதான். தமிழ்வழியில் படித்தவரும் சிடெட்டின் கணக்குப் பகுதியை வேற்று மொழியில்தான் எதிர்கொள்கிறார்.

அதே ஆண்டு, சான்றிதழின் ஏழாண்டு வரம்பு நீக்கப்பட்டு அது வாழ்நாள் முழுதும் செல்லும் என அறிவிக்கப்பட்டது. அவள் வீட்டில் அதைச் சட்டமிட்டு மாட்டினார்கள். தகுதி பெறுவது வேலைக்கான உரிமையைத் தராது என்பது தேர்வு விதிகளிலேயே இருக்கிறது. சட்டமிட்டவர்கள் விதிகளைப் படித்திருக்கவில்லை.

2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், 2018ஆம் ஆண்டின் அறிவிக்கை செல்லாது என்ற ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி தேவைப்படும் தொழில், பி.எட். அதற்கானதன்று என்பது அடிப்படை. நேர்மையாகச் சொன்னால் இந்த வாதத்தை மறுப்பது கடினம். ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்துவதைவிட எளிது என்று நினைப்பவர் இரண்டையும் செய்து பார்க்காதவர். ஆனால் அறிவிக்கையை வெளியிட்டது அரசு, நம்பியது அவள், தவறு திருத்தப்பட்டபோது இரண்டாண்டுகளையும் எருதுகளின் விலையையும் இழந்தவளும் அவளே. தீர்ப்புக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பின்னர் பாதுகாப்புக் கிடைத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு இல்லை.

மறுபடி டி.எல்.எட்.டில் சேர்ந்தாள். தன்னைவிட ஆறேழு வயது இளையவர்களோடு உட்கார்ந்து இரண்டாண்டுகள் படித்தாள். அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்கிறாள், பி.எட்.டில் கிடைக்காதது அங்கே கிடைத்ததாம். நீதிமன்றத்தின் கருத்துக்கு இதைவிட வலுவான சாட்சியம் கிடைப்பது அரிது.

இதற்கிடையில் ஜார்க்கண்ட் 26,001 உதவி ஆசிரியர் பணியிடங்களுக்கு 2023இல் விளம்பரம் செய்தது. மாநிலத்தின் சொந்தத் தகுதித் தேர்வில் சந்தாலி உள்ளிட்ட பழங்குடி மொழிகளுக்கு இடம் உண்டு. ஆனால் அந்தத் தேர்வு 2013இலும் 2016இலும் நடந்தது. அதன்பின் எட்டாண்டுகளுக்கு மேல் நடக்கவேயில்லை. நடக்காத தேர்வில் எப்படித் தேறுவது என்று கேட்டுச் சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். சிடெட் தேறியவர்களும் விண்ணப்பிக்கலாம் என வழி பிறந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை மூடியது. பணிநியமனம் தொடங்கிய பின் விதியை மாற்றக்கூடாது என்பது காரணம். அவள் மொழி இல்லாத சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும், அவள் மாநிலத்தில் செல்லாது. அவள் மொழி இருக்கும் தேர்வு அவள் மாநிலத்தில் செல்லும், நடப்பதில்லை.

அதே 2025 செப்டம்பர் முதல் தேதி இன்னொரு தீர்ப்பு. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும். இல்லையேல் பணியிலிருந்து விலக வேண்டும். நாடெங்கும் ஐம்பதை நெருங்கும் ஆசிரியர்கள் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவர், அவள் பயிற்சிக்குச் சென்ற பள்ளியின் அந்தத் தலைமையாசிரியர்.

மாலையில் அவள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார். அவளுடைய பழைய வழிகாட்டி நூல்களில்தான் படிக்கிறார். கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கற்பித்தல் கோட்பாடுகளில் தடுமாறுகிறார். அவள் சொல்லிக்கொடுக்கிறாள். இருபது ஆண்டுகள் சந்தால் குழந்தைகளிடையே இருந்தவருக்கு அலிஞ், அலே வேறுபாடு இப்போது நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. அதற்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் இல்லை. திண்ணையின் மறுபக்கம் ஏழெட்டுக் குழந்தைகள் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கும் அவள்தான் ஆசிரியை, சம்பளமில்லாமல்.

மாநிலத் தேர்வு அறிவிக்கப்படும் நாளுக்காக அவள் தயாராகிக்கொண்டிருக்கிறாள். இம்முறை மொழித்தாளுக்குச் சந்தாலி. பழைய வினாத்தாள் தேடி அலைந்து, 2016ஆம் ஆண்டின் தாள் ஒன்றைத் தும்காவில் நகலெடுத்து வந்திருக்கிறாள். அதற்குப் பிந்தியது எந்தக் கடையிலும் கிடைக்காது.